கரண்டியில் நிற்கும் கஞ்சி

மனுரேவாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும்போது மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. நியூசிலாந்து அரசு பணம் தரும் பேறுகால விடுப்பு 26 வாரத்தோடு முடிகிறது. 2020 ஜூலையிலிருந்து இதுதான் கணக்கு. பேறு பார்க்க ஊரிலிருந்து வந்த பாட்டி, பெற்றோருக்கான வழக்கமான வருகை விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே வந்தவர் என்றால், பேரனுக்கு ஐந்து மாதம் ஆகும்போது பெட்டி கட்டிவிடுவார். தாய்ப்பால் மட்டும் போதாமல், குழந்தைக்கு வேறு உணவும் தேவைப்படத் தொடங்குவதும் அதே ஆறாம் மாத வாக்கில்தான்.

சம்பளமில்லாமல் இன்னும் ஆறு மாதம் வீட்டில் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தெற்கு ஆக்லாந்தின் வாடகைக்கும் வீட்டுக் கடனுக்கும் ஒரு சம்பளம் போதுவதில்லை. ஆக, ஊட்டத் தெரிந்தவர் விமானம் ஏறுகிறார், ஊட்ட வேண்டியவர் வேலைக்குப் போகிறார், ஊட்டும் காலம் அப்போதுதான் தொடங்குகிறது.

மனுரேவா ஆக்லாந்தின் தெற்குப் புறநகர்களில் ஒன்று. மாவோரிகளும் சமோவா, டோங்கா தீவினரும் இந்தியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் பகுதி. இங்குள்ள இந்தியரில் பலர் ஃபிஜி வழியாக வந்தவர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்ட தமிழ், தெலுங்கு, மலையாளக் கூலிகளின் வழித்தோன்றல்களும் அவர்களில் உண்டு. அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து நேரே வந்தவர்கள் இருக்கிறார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்று வழியில் வந்தாலும், குழந்தைக்கு முதலில் என்ன ஊட்டுவது என்ற கேள்விக்கு இவர்கள் சொல்லும் விடைகள் கிராமத்தில் பிறந்தவை: கேழ்வரகுக் கஞ்சி, குரக்கன் கூழ், சத்துமாவு, பருப்புச் சாதம், கன்னியாகுமரிக்காரர்கள் என்றால் ஏத்தங்காய்ப் பொடி.

கிராமத்து உணவு கடல் கடந்து வந்துவிட்டது; ஆனால் அந்த உணவைச் சத்துள்ளதாக ஆக்கிய வேலைகளும், அதற்குத் துணை நின்ற வெயிலும், குழந்தையை மாதந்தோறும் பார்த்த கண்களும் வரவில்லை என்பது என் கணிப்பு. வந்ததையும் வராததையும் பிரித்துப் பார்க்காமல், பாட்டி சொன்னது சரியா, நர்ஸ் சொல்வது சரியா என்று வழக்காடுவதில் பயனில்லை.

குழந்தைக்குச் சத்தாக ஊட்டுவதில் கிராமமே முழு வெற்றி பெற்றதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2019–21-இல் எடுத்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர்கள் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 11 பேர்தான். தமிழ்நாட்டில் 16 பேர். அதற்கு முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் எண்ணிக்கை 30-ஐத் தொட்டிருந்தது, அதிலிருந்து இறங்கியிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. ரேஷன் அரிசியும் அங்கன்வாடியும் எட்டாத ஊர் அநேகமாக இல்லாத மாநிலத்தில் இப்படி. வீட்டில் சோறு இல்லாததால் மட்டும் இது நேரவில்லை. குழந்தையின் கிண்ணத்துக்கு எது, எவ்வளவு கெட்டியாக, எத்தனை வேளை போகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். 2003-இல் பான் அமெரிக்க சுகாதார அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியின்படி, தாய்ப்பால் குடிக்கும் 6–8 மாதக் குழந்தைக்கு மற்ற உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி கிடைக்க வேண்டும். 9–11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கேழ்வரகு மாவைக் கரைத்துக் காய்ச்சினால் அதில் இருப்பது 30, 35 கலோரி. இருநூறைத் தொட ஆறு டம்ளர் வேண்டும். ஏழு கிலோ குழந்தையின் வயிறு ஒரு தடவைக்குக் கொள்வது ஒரு டம்ளர் அளவுதான். அதுவும் நிரம்பிவிட்டால் அடுத்த வேளைத் தாய்ப்பாலுக்கு இடமில்லை. நீர்த்த கஞ்சி பசியை அடக்கிவிடுகிறது, உடம்பை வளர்ப்பதில்லை. அதே கஞ்சியில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் மாவு தந்ததைவிட அதிகமாக, 45 கலோரி ஏறுகிறது. நெய்யை வசதியின் அடையாளமாக நினைத்துப் பழகிவிட்டோம். குழந்தையின் சின்ன வயிற்றுக்கு அது அவசியம்.

கஞ்சியை நீர்க்கக் கரைப்பதற்குப் பின்னால் ஓர் அச்சம் இருக்கிறது. “கெட்டியா குடுக்காதம்மா, மாந்தம் வந்துரும், தொண்டையில சிக்கிக்கும்” என்ற குரலைக் கேட்காத தமிழ்த் தாய் குறைவு. இந்த அச்சத்தை மூடநம்பிக்கை என்று தள்ளுவது நியாயமில்லை. மாவு வேகும்போது அதன் மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதுகின்றன. நூறு மில்லி தண்ணீருக்கு ஐந்தாறு கிராம் மாவு போட்டால் கஞ்சி, பத்து பன்னிரண்டு கிராம் போட்டால் கூழ், இருபதை நெருங்கினால் களி. குழந்தை எளிதில் விழுங்குவது கஞ்சியை. அதில் சத்து போதாது. சத்து களியில் இருக்கிறது. அதைப் பல் முளைக்காத வாய் தள்ளிவிடும். பாட்டியின் அனுபவம் கண்டுபிடித்த இக்கட்டைத்தான் ஊட்டச்சத்து அறிஞர்களும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

அந்த இக்கட்டுக்கு விடையும் கிராமத்திலேயே இருந்தது: முளைகட்டுதல். தானியம் முளைக்கும்போது அதற்குள் அமைலேஸ் என்ற நொதி சுரக்கிறது. மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை அது துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட மாவு நீரைப் பிடித்து ஊதாது. அதனால் அதே தண்ணீரில் இரண்டு மூன்று மடங்கு மாவு போட்டாலும் குழந்தை விழுங்கும் பதத்தில் நிற்கும். பரோடாவில் தாரா கோபால்தாஸும் அவருடைய சகாக்களும் 1980-களில் இதைச் சோதித்துக் காட்டினார்கள். கெட்டியாகக் காய்ச்சிய கூழில் முளைகட்டிய மாவைக் கொஞ்சம் போட்டுக் கலக்கினால், சில நிமிடங்களில் கண்முன்னே அது இளகி ஓடுகிறது. ஆப்பிரிக்காவில் டான்சானியாவிலும் இதே முறை சோதிக்கப்பட்டது. முளைகட்டுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. தானியத்தின் தோலில் இருந்துகொண்டு இரும்பையும் துத்தநாகத்தையும் உடலில் சேரவிடாமல் கட்டிப்போடும் ஃபைட்டேட் ஓரளவு குறைகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. நொதி சூடு தாங்காது. முளைகட்டி உலர்த்திய கேழ்வரகை வாசம் வரும்வரை வறுத்து அரைத்தால் மணம் கிடைக்கும், நாள்பட இருக்கும், ஆனால் இளக்கும் சக்தி பெரும்பாலும் போய்விடும். கடையில் விற்கும் சத்துமாவுப் பாக்கெட்டுகளில் “முளைகட்டியது” என்று அச்சிட்டிருந்தாலும், நன்றாக வறுபட்ட மாவு கஞ்சியை இளக்காது. செய்ய வேண்டியது இதுதான்: வறுத்த மாவில் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும்போது, வறுக்காத முளைமாவு ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு, மறுபடி ஒரு கொதி விட வேண்டும். கடைசிக் கொதியை விட்டுவிடக் கூடாது. முளைகட்டும் ஈரத்தில் தானியத்தோடு கிருமியும் வளரும்.

தஞ்சாவூரிலோ தருமபுரியிலோ ஒரு பாட்டிக்கு இது ஒன்றரை நாள் வேலை. இரவு ஊறவைத்து, காலையில் வடித்து, வெள்ளைத் துணியில் மூட்டை கட்டி வைத்தால் மறுநாள் வெள்ளை முளை நூல்நூலாக எட்டிப் பார்க்கும். மொட்டைமாடியில் பாய் விரித்துக் காயவைத்தால் பிற்பகலுக்குள் சலசலக்கும். மனுரேவாவின் ஜூலை மாதத்தில் அதே மூட்டை இரண்டு நாளானாலும் அசையாது. சூடேற்றாத சமையலறை இரவில் பத்து டிகிரிக்கும் கீழே போய்விடும். ஈரக்காற்றில் துணியே காயாது. மூன்றாம் நாள் முளைக்கு முன் வருவது பூசண வாடை. பழைய நியூசிலாந்து வீடுகளில் வெந்நீர்த் தொட்டி வைத்த சிறு அலமாரி ஒன்று இருக்கும். ஹாட் வாட்டர் கப்போர்டு என்பார்கள். போர்வை, துண்டெல்லாம் அங்கேதான் உலரும். அதன் மேல்தட்டில் மூட்டையை வைத்தால் ஒரு நாளில் முளைவிடும். பிறகு குறைந்த சூட்டில் ஓவன் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து உலர்த்தலாம். பூசணம் கண்ட தானியத்தைத் தயங்காமல் கொட்டிவிட வேண்டும். கழுவி எடுத்தாலும் அதன் நஞ்சு போகாது.

கெட்டியாக்கினால் கலோரி வந்துவிடும். இரும்பு வராது. இந்த இடத்தில் பாட்டியின் கிண்ணம் உண்மையிலேயே தோற்கிறது. நர்ஸ் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

பிறக்கும்போது தாயிடமிருந்து வாங்கிவந்த இரும்புச் சேமிப்பு ஆறாம் மாத வாக்கில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. நியூசிலாந்தின் பரிந்துரைப்படி 7–12 மாதக் குழந்தைக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் இரும்பு வேண்டும். வளர்ந்த ஆணுக்கு வேண்டியதைவிட இது கூடுதல். நூறு கிராம் கேழ்வரகில் இருப்பது நாலரை மில்லிகிராம் சொச்சம். குழந்தை ஒரு நாளில் முப்பது கிராம் மாவு சாப்பிட்டால் ஒன்றரை மில்லிகிராம்கூடத் தேறாது, அதிலும் உடலில் சேர்வது சிறு பங்கு. “கேழ்வரகில் இரும்பு அதிகம்” என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது அரிசியோடு ஒப்பிட்டால் சரி. குழந்தையின் தேவையோடு ஒப்பிட்டால் அந்தப் பெருமைக்கு இடமில்லை. கேழ்வரகின் உண்மையான பலம் சுண்ணாம்புச் சத்து.

ஆக்லாந்தில் 6–23 மாதக் குழந்தைகளிடையே இரும்புக் குறைபாட்டை அளந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. மொத்தத்தில் 14 விழுக்காடு குழந்தைகளுக்குக் குறைபாடு. ஐரோப்பிய வழியினரில் 7, பசிபிக் தீவினரில் 17, மாவோரியரில் 20. “மற்றவர்” என்ற தொகுதியில் 27. ஆசியக் குழந்தைகள் அடங்கும் தொகுதி அதுதான். இரும்பு குறைந்தால் குழந்தை வெளிறிப்போவதோடு நிற்காது. மூளை வேகமாக வளரும் இந்தப் பதினெட்டு மாதத்தில் ஏற்படும் குறை, பின்னால் மாத்திரை கொடுத்தாலும் முழுவதும் ஈடாகாமல் போகலாம். ஆகவே இதில் பொறுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

நியூசிலாந்து சுகாதார அமைச்சு முதல் உணவிலேயே இரும்பு இருக்க வேண்டும் என்கிறது: மசித்த ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கோழி, அல்லது இரும்பு சேர்த்த குழந்தைத் தானிய உணவு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கென்று விற்கும் தானிய உணவில் நூறு கிராமுக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது இந்நாட்டு உணவுச் சட்டம். கேழ்வரகைப்போல நான்கு மடங்கு. கடைப்பொருள் என்றாலே ஐயம் கொள்ளும் நம் பாட்டிமார்களுக்கு இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேழ்வரகுக் கூழிலேயே இந்தத் தானிய உணவை நாலு கரண்டி கலந்துவிடலாம். ருசியும் கெடாது, மரபும் கெடாது. அசைவ வீடுகளில் கறியை ஒரு வயதுக்கு மேல்தான் கொடுப்பது என்ற வழக்கத்தை விட்டுவிடலாம். குக்கரில் நாலைந்து விசில் விட்ட ஆட்டுக்கறியை அரைத்துப் பருப்புச் சாதத்தில் பிசைந்தால் ஏழு மாதக் குழந்தை சாப்பிடும். 2023-இல் உலக சுகாதார நிறுவனம் புதுப்பித்த வழிகாட்டியும் இறைச்சி, மீன், முட்டை இவற்றில் ஒன்று அன்றாடம் வேண்டும் என்கிறது.

சைவ வீட்டில் பருப்பும் கீரையும் சேர்த்தாலும், அவற்றிலுள்ள இரும்பு உடலில் ஏற வைட்டமின் சி உடனிருக்க வேண்டும். ஊரில் எலுமிச்சையும் தக்காளியும் கொய்யாவும் அந்த வேலையைச் செய்தன. இங்கே அதைவிடச் சிறந்த பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆக்லாந்தில் மாஸி பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், இரும்பு குறைந்த பெண்கள் இரும்பு சேர்த்த காலை உணவோடு தங்கநிறக் கிவிப் பழம் சாப்பிட்டபோது இரும்பு நிலை உயர்ந்தது. பெண்களிடம் செய்த ஆய்வு அது என்றாலும், சி வைட்டமின் இரும்பை ஏற்றும் விதம் குழந்தைக்கும் பொதுவானது.

இரும்பைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்களையும் சொல்ல வேண்டும். டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவது நம் கிராமங்களில் இன்றும் சாதாரணம். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மற்றது, ஒரு வயதுக்கு முன்பே பசும்பாலைப் பாட்டிலில் குடிக்கக் கொடுப்பது. நீல மூடிப் பால் மலிவு, வயிறு நிரம்பும், குழந்தை தூங்கும். ஆனால் அதில் இரும்பு அநேகமாகக் கிடையாது. மிகுதியாகக் குடித்தால் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவும் ஏற்படலாம். சமையலில் கொஞ்சம் சேர்ப்பது வேறு, குடிக்கக் கொடுப்பது வேறு. பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு வைப்பதையும் ஒரு வயதுவரை நிறுத்திவைக்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய கிருமி கைக்குழந்தையின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

கிண்ணத்தில் அடங்காத சத்து ஒன்றும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குழந்தையை இளவெயிலில் காட்டும் வழக்கம் நம் ஊர்களில் வைட்டமின் டி-யைப் பற்றிய கவலையைப் பெருமளவு நீக்கியது. ஆக்லாந்து நிலநடுக்கோட்டிலிருந்து 37 பாகை தெற்கே இருக்கிறது. குளிர்கால வெயிலில் வலு இல்லை. கோடை வெயிலோ குழந்தையைச் சுட்டுவிடும். கறுத்த தோலுக்கு அதே வைட்டமினை உண்டாக்க அதிக வெயில் வேண்டும். 2010 முதல் 2013 வரை நியூசிலாந்துக் குழந்தை மருத்துவர்கள் வைட்டமின் டி குறைவால் வந்த ரிக்கெட்ஸ் நோயை நாடு முழுதும் கணக்கெடுத்தபோது 58 குழந்தைகள் தேறினார்கள். அவர்களில் பலர் இந்திய வழியினர். தினம் ஒரு வேளைச் சொட்டு மருந்தில் தடுத்திருக்கக்கூடிய எலும்பு வளைவு. தாய்ப்பால் குடிக்கும் கருநிறக் குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு வைட்டமின் டி கொடுக்கலாம் என்று அமைச்சின் பரிந்துரையிலேயே இருக்கிறது. கேட்டால் குடும்ப மருத்துவர் எழுதித் தருவார். கேட்கத் தெரிய வேண்டும்.

அயோடின் விஷயம் இன்னும் நுட்பமானது. இந்நாட்டு மண்ணில் அயோடின் குறைவு. அதற்காக 2009 முதல் ரொட்டியில் அயோடின் உப்புச் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஒரு நாட்டின் தேவையை அந்நாட்டார் தினமும் சாப்பிடும் பண்டத்தில் வைத்துத் தீர்ப்பது நல்ல யோசனைதான். ஆனால் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்று இருக்கும் வீட்டில் அந்த ரொட்டி நுழைவதே இல்லை. தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறையும். பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரையை அமைச்சு பரிந்துரைக்கிறது. சோறு உண்ணும் வீடுகளில் இதை இரட்டிப்பு அக்கறையோடு சொல்ல வேண்டும். முழுச் சைவத் தாய்மாருக்கு வைட்டமின் பி12-உம் இதே கதை.

பாட்டி போன பிறகு அவர் இடத்துக்கு வருவது பெரும்பாலும் பௌச். வாயில் வைத்து உறிஞ்சும் மூக்கு வைத்த கூழ்ப்பை. வேலைக்குக் கிளம்பும் காலையில் அதன் வசதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பலவற்றில் காய்கறியின் பெயர் முன்னால் இருந்தாலும் உள்ளே அடிப்படை ஆப்பிளும் பேரிக்காயும்தான். இரும்பு அநேகமாக இல்லை. எட்டு மாதத்தில் கட்டியை நாக்கால் புரட்டவும் மெல்லவும் பழக வேண்டிய வாய், உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பருப்புச் சாதத்தை விரலால் மசித்து, உதட்டோரம் வழிந்ததை வழித்து, குழந்தை வாய் திறக்கும்வரை பேச்சுக் கொடுத்துக் காத்திருக்கும் பொறுமைக்கு ஈடாக எதையும் பையில் அடைக்க முடியாது.

குழந்தையை யார் கண்காணிப்பது என்பதில் தமிழ்நாடு ஒரு காலத்தில் உலகுக்கு வழிகாட்டியது. 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை; ஏறத் தொடங்கியதும் நிறுத்தம். உருண்டையைவிட அந்த மாதாந்திர எடை பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். குழந்தை மெலிந்து கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அது தராசில் தெரிந்துவிடும். தாய் அந்த வரைகோட்டைத் தானே பார்த்தாள்.

நியூசிலாந்தில் அந்த இடத்தில் இருப்பது பிளங்கெட், 1907-இல் டுனீடினில் ட்ரூபி கிங் தொடங்கிய அமைப்பு. பெரும்பாலான குழந்தைகள் அதில் பதிவாகின்றன, சேவை இலவசம், நர்ஸ்மார்கள் அன்பானவர்கள். ஆனால் வருகைகள் முதல் சில மாதங்களில் நெருக்கமாக இருந்து, பிறகு விலகிக்கொண்டே போகின்றன. ஐந்திலிருந்து ஏழு மாதத்துக்குள் ஒன்று, அடுத்தது ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் ஒன்று. தடுப்பூசி அட்டவணையும் அப்படியே: ஆறு வாரம், மூன்று மாதம், ஐந்து மாதம், அதன் பிறகு நேரே பன்னிரண்டு மாதம். இந்தியாவில் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்காவது தாய் ஒரு தடவை நர்ஸ் முன்னால் உட்காருவாள். இங்கே குழந்தை சோறு சாப்பிடக் கற்கும் ஏழு மாதமும் ஊசி இல்லாத ஏழு மாதம்.

அதனால் ஐந்தாம் மாத ஊசி நாளைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். தாய் இன்னும் விடுப்பில் இருக்கிறாள், பாட்டி பல வீடுகளில் இன்னும் ஊருக்குக் கிளம்பவில்லை. கிளினிக்கில் ஊசி போட்டபின் இருபது நிமிடம் எல்லோரையும் காத்திருக்கச் சொல்வார்கள். அந்த இருபது நிமிடத்தில், தமிழோ ஃபிஜி இந்தியோ பேசத் தெரிந்த ஒருவர் கரண்டியைச் சாய்த்துக் காட்டி, வழிந்தோடும் கஞ்சி எது, நிற்கும் கூழ் எது என்று பாட்டிக்கும் சேர்த்துக் காட்டலாம். நெய், கறி அல்லது இரும்புத் தானிய உணவு, வைட்டமின் டி சொட்டு, தாய்க்கு அயோடின் மாத்திரை ஆகிய நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். இதற்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. தெற்கு ஆக்லாந்தின் கோவில்களும் தமிழ்ச் சங்கங்களும் ஆண்டுக்கு எத்தனையோ விழா நடத்துகின்றன. கிளினிக்குகளுக்கு வாரம் ஒரு நாள் வந்து உட்காரும் நாலு பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புவதும் அவர்களால் முடியும்.